மதகுக்கு அப்பால் நூற்றறுபத்து மூன்று பேர்

இலுப்பைத்திடலைப் பட்டினம் ஆக்கவேண்டும் என்று கேட்டுப் பஞ்சலிங்கம் வாத்தியார் எழுதிய பெட்டிசம் பதினொரு பக்கம். நல்ல மை, நல்ல கையெழுத்து. சரித்திரம், பூமிசாத்திரம், குடிசனம் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சிவப்பு மையில் தலைப்புப் போட்டிருந்தார். சரித்திரத்தில், ஒல்லாந்தர் காலத்துத் துரை ஒருவன் இந்த ஊரில் குதிரையை விட்டு இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டுப் போன கதை அரைப் பக்கத்துக்கு வருகிறது. குதிரை என்ன நிறம் என்றுகூட எழுதியிருக்கிறார். அவன் தண்ணீர் குடித்த கிணற்றை யார் வெட்டினார்கள் என்பதற்கு ஒரு சொல் இல்லை. எனக்கு முதலில் ஆத்திரம் வந்தது அந்த இடத்தில்தான்.

ஏனென்றால் அது தெரியாத ஆள் இல்லை வாத்தியார். ஊரில் குடிதண்ணீர்க் கிணறு பத்தொன்பது. அதில் பதினான்கு, மதகடி முருகேசுவும் அவனுடைய தகப்பனும் பாட்டனும் வெட்டியவை. வாத்தியார் வீட்டு வளவில் இருப்பது முருகேசு இருபத்திரண்டு வயதில் வெட்டியது. அந்தத் தண்ணீரில்தான் அவர் மை கரைத்தார்.

சாவகச்சேரியிலிருந்து கண்டி றோட்டில் போனால் ஊர் வரும். வடக்கே வயல், தெற்கே பரவைக் கடல், நடுவில் ஒரு கோயில், பள்ளிக்கூடம், கிழமையில் இரண்டு நாள் சந்தை, நாலைந்து கடை. மேற்குக் கரையில் மாரி வெள்ளம் கடலுக்கு ஓடுவதற்காக றோட்டுக்குக் குறுக்கே ஒரு மதகு கட்டியிருக்கிறது. மதகைத் தாண்டினால் தரவை. மாடு மேய்கிற உவர் வெளி. அதன் ஓரத்தில் ஒரு மணல்திட்டி, அதைச் சுற்றி முப்பத்து நாலு குடிசை. அதற்குத்தான் மதகடி என்று பெயர். கிணறு வெட்டுவது, வேலி அடைப்பது, வயல் உழுவது, சூடு மிதிப்பது என்று ஊரின் பாரமான வேலை எல்லாவற்றுக்கும் ஆள் அங்கேயிருந்துதான் வரவேண்டும்.

மதகடியில் மட்டும் கிணறு இல்லை. தரவையில் ஒரு குட்டை கிடந்தது. பங்குனி பிறந்தால் அதில் பாதி உப்பு, பாதி சேறு. நல்ல தண்ணீர் வேண்டுமானால் பெண்கள் குடத்தோடு மதகு தாண்டிப் போய், கோயில் கிணற்று வேலிக்கு வெளியே குடங்களை வரிசையாக வைத்துவிட்டுத் தள்ளி நிற்கவேண்டும். ஊரவர்கள் யாராவது தண்ணீர் அள்ள வரும்போது மனம் வந்தால் இரண்டு வாளி ஊற்றுவார்கள். அதுவும் குடத்தில் வாளி பட்டுவிடாமல் எட்ட நின்று, உயரத்திலிருந்து. பாதி வெளியே சிந்தும். மனம் வராவிட்டால் மத்தியானம் வரைக்கும் நிற்கவேண்டும். முருகேசுவின் பெண்சாதி சின்னாச்சி முப்பது வருசம் அப்படி நின்றவள்.

முருகேசு ஒருமுறை நொத்தாரிசு தியாகராசரிடம் போய், திட்டியில் ஒரு கிணறு வெட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டான். காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசுதான் ஊரின் பெரிய தலை. தரவை முழுவதும் தன்னுடைய காணி என்றுதான் அவர் சொல்லி வந்தார். உறுதியை யாரும் பார்த்ததில்லை. நொத்தாரிசிடம் போய் உறுதியைக் காட்டு என்று கேட்க யாருக்கு வாய் வரும்?

"என்ரை காணியிலை நீ கிணறு வெட்டுவியோ? வெட்டினியெண்டால் அடுத்த நாள் முப்பத்திநாலு குடிசையும் எழும்பும். விளங்கிச்சோ?" என்றார்.

உண்மையான காரணம் வேறு. மதகடிக்குக் கிணறு வந்துவிட்டால், கூப்பிட்ட உடனே ஓடிவர அவர்களுக்கு என்ன அவசரம்?

முருகேசுவின் மகள் இராசமலர். அவளுடைய மூத்த பிள்ளை பிறந்து ஏழாம் மாதத்தில் செத்தது. குட்டைத் தண்ணீர்தான். மூன்று நாள் வயிற்றோட்டம், நாலாம் நாள் காலையில் பிள்ளையில் மூச்சு இல்லை. அன்றைக்குச் சின்னாச்சி வேலிக்கு வெளியே குடத்தை வைத்துவிட்டு விடிந்ததிலிருந்து நின்றிருந்தாள். கோயிலில் கொடியேற்றம், ஊரவர்களுக்கு வேலை அதிகம், ஒருவரும் ஊற்றவில்லை. இப்போது இராசமலர் மறுபடி பிள்ளைத்தாச்சி, ஆவணியில் பிள்ளை. புருசன் நாகலிங்கம் பரந்தன் பக்கம் வயல்வேலைக்குப் போயிருந்தான்.

"எணை ஆச்சி, இந்தப் பிள்ளைக்கும் குட்டைத் தண்ணிதானோ?" என்று அவள் அடிக்கடி கேட்பாள். சின்னாச்சி குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு மதகுப் பக்கம் நடப்பாள்.

இந்த நேரத்தில்தான், 1938ஆம் ஆண்டு மாசி மாதம், வாத்தியார் குடை பிடித்துக்கொண்டு மதகு தாண்டி வந்தார். அவருடைய பிறவியில் முதல் தடவை.

வந்தவர் வளவுக்குள் கால் வைக்கவில்லை. றோட்டிலே நின்றுகொண்டு, "அடே முருகன்!" என்று கூப்பிட்டார். முருகேசு தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தான்.

"என்ன நயினார்?"

"எங்கடை ஊரைப் பட்டினம் ஆக்கப் போறம். றோட்டு முழுக்க லாம்பு வரும், தபாற்கந்தோர் வரும், சந்தைக்குக் கொட்டகை வரும். ஆனால் ரெண்டாயிரம் சனம் வேணுமெண்டு அரசாங்கக் கச்சேரியிலை சொல்லிப்போட்டினம். அதுதான் எண்ண வந்தனான்."

"அங்காலை ரெண்டாயிரம் இல்லையோ நயினார்?"

வாத்தியார் கொப்பியைப் புரட்டினார். "ஆயிரத்தெண்ணூற்றி எழுபத்தொண்டு."

"அப்ப எங்களையும் சேர்க்கப் போறியளோ?"

"சேர்க்கத்தானே வேணும்? நீங்களும் ஊர்தானே?"

அந்தச் சொல்லைக் கேட்டு முருகேசு சிரித்தான். சந்தோசமா, பகிடியா என்று அவனுக்கே தெரியவில்லை. படலைக்குப் பின்னால் நின்ற சின்னாச்சி சும்மா இருக்கவில்லை.

"ஊரெண்டால் தண்ணிக்கு என்ன வழி நயினார்?"

"பட்டினத்துக்கு அரசாங்கம் பொதுக் கிணறு வெட்டித் தரும். பொது எண்டால் எல்லாருக்கும்தான்."

"எங்கடை கையாலை அள்ளலாமோ?"

வாத்தியார் குடையை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றினார். "பொது எண்டு சொல்லுறன். பேந்தென்ன கேள்வி?" என்றார்.

வீடுகளுக்கு இலக்கம் போடவேண்டும். வாத்தியார் குடிசைக்குக் கிட்டப் போகமாட்டார். ஆகவே தார்ப் பேணியையும் ஒரு மட்டையையும் நிலத்தில் வைத்துவிட்டு விலகி நின்றார். முருகேசு அதை எடுத்தான். வாத்தியார் கொப்பியில் பெரிதாக இலக்கத்தை எழுதித் தூக்கிக் காட்ட, எழுத்துத் தெரியாத முருகேசு அதைப் பார்த்துப் பார்த்து அப்படியே கீறினான். ஓலைக் கிடுகுச் சுவரில் தார் பிடிக்காது. தன் வளவு வாசலில் நின்ற பனையில் 311 என்று கீறினான். கடைசிக் குடிசைக்கு 344. வெயிலுக்குள் முப்பத்து நாலு இலக்கம். குனிந்து நிமிர்ந்து இடுப்பு நாரி பிடித்துக்கொண்டது.

பெயர் பதியும்போது, "முருகேசு நயினார்" என்று அவன் சொன்னான். வாத்தியார் முருகன் என்று எழுதினார். இராசமலர், இராசி ஆனாள். ஊர் வழக்கம் அது. மதகடிச் சனத்துக்கு நீளமான பெயர் எதற்கு என்று பதிவுகாரரிலிருந்து கணக்கப்பிள்ளை வரைக்கும் நினைத்தார்கள். பெயரில் கொஞ்சத்தை வெட்டி எறிந்தாலும் தலையை முழுசாக எண்ணிக்கொண்டார்கள். நூற்றறுபத்து மூன்று. எல்லாமாக இரண்டாயிரத்து முப்பத்து நாலு.

பெட்டிசம் போனது. பட்டினத்துக்கு விசாரணை நடக்க நாள் எடுக்கும், ஆனால் வறட்சி கடுமையாக இருப்பதால் கிணற்றை இப்போதே வெட்டலாம் என்று சித்திரை முடிய அனுமதி வந்தது. மதகிலிருந்து ஊர்ப் பக்கம் கூப்பிடு தூரத்தில், றோட்டோரமாக இடம் குறித்தார்கள். வெட்ட முருகேசுவைக் கூப்பிட்டார்கள். வேறு யாரைக் கூப்பிடுவது?

வைகாசியில் தொடங்கினான். மேலே மூன்று முழம் பூழி மணல். வெட்ட வெட்டச் சரியும். பனஞ்சலாகை அடித்து, கிடுகு வைத்து மறித்தான். அதற்குக் கீழே களி. களிக்குக் கீழே சுண்ணக்கல். அலவாங்கு என்கிற இரும்புப் பாரையைத் தலைக்கு மேலே தூக்கிப் போட்டால் ஒரு தடவைக்கு ஒரு கைப்பிடி கல் பெயரும். மேலே இரண்டு பேர் ஓலைக் கடகத்தில் கல்லை இழுத்தார்கள். சோளகக் காற்று வீசி மேலே நின்றவர்களின் கண்ணெல்லாம் புழுதி. கீழே காற்றே இல்லை. முருகேசு கோவணத்தோடு நின்று, வேர்வையைக் கையால் வழித்து எறிந்துகொண்டு வெட்டினான். மத்தியானம் சின்னாச்சி ஒடியற்கூழ் கொண்டுவருவாள். பனையோலைப் பிளாவில் வார்த்துக் குடித்துவிட்டு, ஒரு சுருட்டுத் துண்டைப் பற்றவைத்து, பாதியில் அணைத்துக் காதில் செருகிக்கொண்டு மறுபடி இறங்குவான்.

பன்னிரண்டாம் முழத்தில் கல் வியர்த்தது. அதற்கு மேல் அவன் அலவாங்கைத் தூக்கிப் போடவில்லை. கல்லைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டு, சின்ன உளியால் மெல்ல மெல்லக் கொத்தினான். அந்தப் பக்கத்துத் தண்ணீர் அப்படி. நல்ல தண்ணீருக்குக் கீழே உப்புத் தண்ணீர் கிடக்கிறது. அவசரப்பட்டு ஒரு சாண் கூட வெட்டினால் கிணறு உவராகிவிடும். பதின்மூன்றாம் முழத்தில் மேற்குச் சுவரில் ஊற்றுக்கண் திறந்தது. கையில் ஏந்திக் குடித்தான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "இஞ்சேர், இளநி கெட்டுது போ. அப்பிடித் தண்ணி" என்றான். "ஊத்து மேற்கிலையிருந்து வருகுது. எங்கடை திட்டிக்குக் கீழாலைதான் வாறது. எங்கடை காலுக்குக் கீழை ஓடிற தண்ணி அங்கை போய் ஊறுது."

"ஆரின்ரை காலுக்குக் கீழை ஓடினால் என்ன, நாளைக்கு என்ரை கையாலை அள்ளுவன்தானே" என்றாள் சின்னாச்சி. அடுத்த சந்தைக்குச் சாவகச்சேரிக்கு நடந்து போய்ப் புதுக் குடம் ஒன்று வாங்கி வந்தாள். இராசமலர் அந்தக் குடத்தை மடியில் வைத்துத் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

கட்டுக் கட்டி, கப்பி போட்டு, ஆனி நடுவில் வேலை முடிந்தது. திறப்பு நாளில் பொங்கல் வைத்தார்கள். ஐயர் வந்து கிணற்றுக்குச் சுத்தி செய்தார். எத்தனையோ நாள் அந்தத் தண்ணீருக்குள் முழங்கால் அளவுக்கு நின்று வெட்டியவனின் தீட்டைப் போக்க வேண்டுமாம்! முருகேசு மதகுக்கட்டில் இருந்து அதைப் பார்த்தான். நொத்தாரிசு பேசினார். வாத்தியார் பேசினார். ஒல்லாந்தத் துரையின் குதிரை மறுபடி வந்தது.

அடுத்த நாள் காலை சின்னாச்சி புதுக் குடத்தோடு போனாள். கோயில் கிணற்றடியில்போல எட்ட நிற்கவில்லை. நேரே போய்க் கயிற்றில் கை வைத்தாள். தண்ணீருக்கு வந்து நின்ற பெண்கள் சத்தம் போட்டார்கள். றோட்டால் வந்த நொத்தாரிசு வேட்டித் தலைப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"ஆரடி அது கயித்திலை கை வைச்சது?"

"நான்தான் நயினார். முருகேசின்ரை பெண்சாதி. பொதுக் கிணறெண்டு வாத்தியார் ஐயா சொன்னவர்."

"பொது எண்டால் கண்டவையும் வந்து அள்ளுறதோ?"

"மாசியிலை எண்ணினியளே நயினார். நாங்களும் ஊரெண்டு எண்ணினியளே!"

"எண்ணினது தலையை. கையை இல்லை" என்றார் நொத்தாரிசு. கையிலிருந்த பிரம்பால் குடத்தில் ஒன்று போட்டார். குடம் நாலு துண்டு. அதுவரைக்கும் அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை.

வாத்தியாரும் அங்கேதான் நின்றார். பொது என்று சொன்ன வாய் அவருடையது. அந்த நேரத்தில் அது திறக்கவில்லை. படித்த மனுசன், பதினொரு பக்கம் எழுதுகிறவன், ஒரு வரி சொல்லக்கூடாதா?

சின்னாச்சி துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. அலவாங்குக்குப் பக்கத்தில் அவற்றைப் போட்டுவிட்டு முருகேசுவைப் பார்த்தாள்.

"அவை எழுதினமாதிரி நாங்களும் எழுதுவம்."

"எங்களுக்கு எழுதத் தெரியாதே."

"எழுதத் தெரிஞ்சவன் சாவகச்சேரியிலை இருக்கிறான்தானே? போட்டு வாங்கோ. உவள் ஆவணியிலை பெறப் போறாள். இன்னொரு பிள்ளையைப் புதைக்க என்னாலை ஏலாது."

சாவகச்சேரியில் கோட்டுக்கு முன்னால் பெட்டிசம் எழுதுகிற ஆள் ஒருவர் மேசை போட்டிருந்தார். முருகேசு நடந்ததைச் சொன்னான். அவர் பெயர் கேட்டார். "முருகேசு" என்றான். அவர் அப்படியே எழுதினார். முழுப் பெயரும் எழுதியாயிற்றா என்று முருகேசு இரண்டு தரம் கேட்டான். பிறகு பெருவிரலை மையில் ஒற்றி வைத்தான்.

கச்சேரியிலிருந்து, நொத்தாரிசு தலைவராக இருந்த ஊர்க் கொமிற்றியிடம் விளக்கம் கேட்டுக் கடுதாசி வந்தது. நொத்தாரிசுக்குத் தலைகால் தெரியாத கோபம். மதகடியான் தன்மேல் பெட்டிசம் போடுவதா? வாத்தியாரை அன்றைக்கே கூப்பிட்டு, தான் சொல்லச் சொல்ல எழுத வைத்தார். எங்கள் ஊரின் மேற்கெல்லை மதகு. மதகுக்கு அப்பால் உள்ளது அரசாங்கத் தரவை. எங்கேயோ இருந்து வந்த சிலர் அங்கே குடிசை போட்டுக்கொண்டு இருக்கிறார்கள். அவர்கள் எங்கள் ஊரவர்கள் அல்ல, ஆகவே எங்கள் கிணற்றில் அவர்களுக்கு உரித்தில்லை. இப்படி எழுதி, படமும் கீறி, நொத்தாரிசு கையெழுத்துப் போட்டார். பட்டினம் கேட்டுப் போன பெட்டிசமும் இந்தக் கடுதாசியும் ஒரே அலுமாரிக்குள், ஒரே கட்டுக்குள் போகும் என்று அவருக்குத் தோன்றவில்லை. கோபத்தில் இருக்கிறவனுக்கு இது எங்கே தோன்றும்?

ஆடி முடிவில் கச்சேரியிலிருந்து கனிசியஸ் என்ற உத்தியோகத்தர் விசாரணைக்கு வந்தார். யாழ்ப்பாணத்து ஆள், சைக்கிளில் வந்தார், வெயிலில் முகம் சிவந்துபோயிருந்தது. பந்தல் போட்டு, பிரம்புக் கதிரை வைத்து, செவ்விளநீர் சீவி வைத்திருந்தார்கள். அவர் கதிரையில் இருக்கவில்லை. நேரே மதகுக்கு நடந்தார். நொத்தாரிசும் வாத்தியாரும் ஊரும் பின்னால் வந்தார்கள். மதகுக்கு அந்தப் பக்கம் மதகடிச் சனம் நின்றது. முருகேசு முன்னால். இராசமலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பனையில் சாய்ந்து நின்றாள்.

கனிசியஸ் மதகுக்கட்டில் இரண்டு கட்டுக் கடுதாசிகளையும் வைத்துக் காற்றுக்குப் பறக்காமல் கல்லைத் தூக்கி வைத்தார்.

"இதிலை இவை நூற்றறுபத்து மூண்டு பேரும் உங்கடை ஊர். இதிலை உங்கடை ஊர் இல்லை. ரெண்டிலும் ஒரே கையெழுத்து. எது சரி?"

நொத்தாரிசு செருமினார். "அதை நாங்கள் ஆறுதலாகக் கதைப்பம் ஐயா. வெயில் சுடுகுது, இளநி..."

"எனக்கு இளநி வேண்டாம். நியாயம் கேக்கவும் நான் வரேல்லை. எனக்கு ஒரு இலக்கம் வேணும். ரெண்டாயிரத்து முப்பத்து நாலோ, ஆயிரத்தெண்ணூற்றி எழுபத்தொண்டோ?"

அப்போது சின்னாச்சி முன்னால் வந்தாள். கையில் வீட்டுப் பழைய குடம்.

"ஐயா, இலக்கம் அறிய ஒரு சுகமான வழி இருக்குது. நான் இப்ப போய் உந்தக் கிணத்திலை ஒரு குடம் அள்ளிக்கொண்டு வாறன். நயினாரவை விட்டால் நாங்கள் ஊர், எண்ணுங்கோ. விடாட்டில் ஊரில்லை, வெட்டுங்கோ. அவ்வளவுதான்."

கனிசியஸ் அவளைப் பார்த்தார். பிறகு நொத்தாரிசைப் பார்த்தார். "அவ சொல்லுறது சரிதானே?"

சின்னாச்சி மதகில் கால் வைத்தாள். ஒரு அடி. இன்னொரு அடி. ஊர்ச் சனம் முழுவதும் நொத்தாரிசின் முகத்தைப் பார்த்தது. வாத்தியார் அவருடைய காதில், "ஒரு குடம்தானே, ஒருக்கால் அள்ளட்டுமே. லாம்பு, தபாற்கந்தோர், எல்லாம் போகப்போகுதே" என்றார். அழாக்குறையாகச் சொன்னார். நீதிக்காக அல்ல, லாம்புக்காக.

நொத்தாரிசு பிரம்பை நீட்டி அவளை மறித்தார்.

"நில். ஐயா, மதகுக்கு அங்காலை எங்கடை ஊர் இல்லை."

"வடிவா யோசிச்சுத்தான் சொல்லுறியளோ? உங்களுக்கு நூற்றிருபத்தொன்பது பேர் குறையும். பட்டினம் கிடையாது."

"இல்லாமல் போகட்டும்."

பின்னால் நின்றவர்களில் ஒருவன்கூட மறுத்துப் பேசவில்லை. ஓம் என்று தலையை ஆட்டினார்கள்! லாம்பு வேண்டாம், தபாற்கந்தோர் வேண்டாம், கொட்டகை வேண்டாம், நூறு வருசம் இருட்டில் கிடப்போம், ஆனால் அந்த மனுசி ஒரு குடம் தண்ணீர் அள்ளக்கூடாது. இதுதான் இலுப்பைத்திடலின் சரித்திரம். ஒல்லாந்தனுக்கும் குதிரைக்கும் தண்ணீர் கொடுத்த ஊர் இது.

கனிசியஸ் பேனையை எடுத்து நூற்றறுபத்து மூன்றின் மேல் ஒரு கோடு இழுத்தார். கடுதாசிகளைக் கட்டத் தொடங்கினார். அவருக்கு அலுவல் முடிந்துவிட்டது.

"ஐயா" என்றான் முருகேசு. "ஒரு கேள்வி."

"என்ன?"

"அந்த ரெண்டாவது கடுதாசியிலை நாங்கள் இருக்கிற காணி ஆரின்ரையெண்டு எழுதிக் கிடக்கு?"

கனிசியஸ் கட்டை அவிழ்த்துப் படத்தைப் பார்த்தார். "அரசாங்கத் தரவை."

"ஆர் அப்பிடிச் சொன்னது?"

"இவர்தான். கையெழுத்துப் போட்டிருக்கிறார்."

"அப்ப நயினாரின்ரை காணி இல்லை?"

நொத்தாரிசு படத்தை எட்டிப் பார்த்தார். தன்னுடையது என்று இப்போது சொன்னால், கச்சேரிக்குப் பொய் எழுதிக் கையெழுத்து வைத்தவர் ஆவார். நொத்தாரிசு வேலைக்கே மோசம்.

"இல்லை. அவரே எழுதித் தந்திருக்கிறார்" என்றார் கனிசியஸ்.

"அதிலை நான் கிணறு வெட்டினால் என்னை எழுப்ப இவருக்கு உரித்து இருக்கோ?"

"இவருக்கு இல்லை. கச்சேரிக்கு எழுதி அனுமதி கேள்." கொஞ்சம் யோசித்தார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டே, "மறுமொழி வர ஆறு மாசம் எடுக்கும். உனக்குத் தண்ணி எப்ப வேணும்?" என்று கேட்டார்.

முருகேசு பனையடியில் நின்ற மகளைப் பார்த்தான். "ஆவணியிலை."

"அப்ப ரெண்டையும் ஒண்டாச் செய்" என்று சொல்லிவிட்டுக் கனிசியஸ் மிதித்துக்கொண்டு போய்விட்டார். செவ்விளநீரை யாரும் குடிக்கவில்லை.

சின்னாச்சி அவருடைய சைக்கிள் மறையும் வரைக்கும் காத்திருக்கவில்லை. அலவாங்கைத் தூக்கிக்கொண்டு வந்து முருகேசுவின் கையில் கொடுத்தாள். திட்டியின் நடுவில், ஊற்று எங்கே ஓடுகிறது என்று அவனுக்குத் தெரிந்த இடத்தில், அன்றைக்கே தொடங்கினான். மதகடி முழுவதும் கூடிவந்தது. ஆண்கள் முறை போட்டு வெட்டினார்கள், பெண்கள் கடகம் இழுத்தார்கள். அந்தக் கிழமை ஊரில் ஒரு வேலிக்கும் வயலுக்கும் ஆள் போகவில்லை. நொத்தாரிசின் ஆட்கள் இரண்டு தரம் மதகு வரைக்கும் வந்து பார்த்தார்கள். முப்பது நாற்பது அலவாங்கும் மண்வெட்டியும் நிற்பதைக் கண்டு திரும்பிப் போனார்கள். பரந்தனிலிருந்து செய்தி கேட்டு நாகலிங்கம் ஓடிவந்து கிணற்றுக்குள் குதித்தான்.

"அவசரப்படாதை மருமோன், கல்லை உடைச்சுப் போடாதை" என்று முருகேசு கத்திக்கொண்டே இருந்தான். "கீழை உப்புக் கிடக்கு. மெல்ல, மெல்ல."

பதினோராம் நாள் ஊற்றுக்கண் திறந்தது. சின்னாச்சி உடைந்த குடத்தின் ஓட்டுத் துண்டு ஒன்றை எடுத்து, அதில் முதல் தண்ணீரை ஏந்தி, இராசமலரின் வாயில் விட்டாள்.

"நல்ல தண்ணியோ பிள்ளை?"

"ஓமணை ஆச்சி." அவள் இன்னும் கேட்டாள். வயிறு முட்டக் குடித்தாள்.

ஆவணி ஒன்பதாம் நாள் விடியற்காலையில் பெண்பிள்ளை பிறந்தது. சின்னாச்சி கிணற்றில் தன் கையாலே பத்து வாளி அள்ளினாள். தேவைக்கு மேலே அள்ளினாள். பிள்ளையைக் குளிப்பாட்டி, மகளைக் குளிப்பாட்டி, மிச்சத்தை முற்றம் முழுவதும் வீசி ஊற்றினாள்.

பொழுதேறின பிறகு பஞ்சலிங்கம் வாத்தியார் மதகில் வந்து நின்றார். ஏன் வந்தார் என்று எனக்குத் தெரியாது. வெட்கம் வந்து வந்திருக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஊருக்குள் குடை பிடித்துக்கொண்டு நடந்தவருக்கு வெயிலில் நா வறண்டிருந்தது, அது மட்டும் தெரிந்தது. உதட்டை நக்கினார். எட்ட நின்று கிணற்றைப் பார்த்தார்.

சின்னாச்சி ஒரு பிளாவில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு மதகுக்குப் போனாள். மதகுக்கட்டில் வைத்துவிட்டு, எட்டப் போகாமல் பக்கத்திலேயே நின்றாள்.

"குடியுங்கோ வாத்தியார்." நயினார் என்று சொல்லவில்லை.

அவர் பிளாவைப் பார்த்தார். றோட்டின் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். தூரத்தில் ஒரு மாட்டு வண்டி வந்துகொண்டிருந்தது. கையை நீட்டவில்லை.

"அப்ப கொப்பியை எண்டாலும் எடுங்கோ" என்றாள் சின்னாச்சி. "இண்டைக்கு ஒண்டு கூடிப்போச்சு. நூத்தியறுபத்திநாலு."

"அந்தக் கணக்கு வெட்டியாச்சே, சின்னாச்சி" என்றார் அவர் மெல்ல.

"ஓம், உங்கடையிலை வெட்டியாச்சு. எங்கடையிலை வெட்டேல்லை. 311ஆம் இலக்கத்திலை இப்ப நாலு பேர் இல்லை, அஞ்சு பேர்."

பிளாவை எடுத்து, வாத்தியாருக்கு முன்னாலேயே தான் குடித்தாள். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, பிள்ளை அழுகிற சத்தம் கேட்டு வீட்டுக்கு ஓடினாள்.